அங்கேயே நிறுத்து: ஹாவி மீக்கர் ஐஸ் ஹாக்கியைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்த விதம்

1951 ஏப்ரல் 21, டொராண்டோவின் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கம். வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்றின் ஐந்தாவது ஆட்டம். அதற்கு முந்தைய நான்கு ஆட்டங்களையும் போலவே இதுவும் ஓவர்டைமுக்குப் போயிருந்தது. ஓவர்டைம் தொடங்கி 2 நிமிடம் 53 நொடியில் டொராண்டோவின் தடுப்பாட்டக்காரர் பில் பரில்கோ பாய்ந்து வந்து அடித்த பக் (ரப்பர் வட்டு), மாண்ட்ரியல் வலைக்குள் விழுந்தது. கோப்பை டொராண்டோவுக்கு. அந்த நொடியில் எடுத்த புகைப்படம் கனடிய விளையாட்டு வரலாற்றில் மிகவும் பேர்போனது. பரில்கோ கால் தரையில் பாவாமல் அந்தரத்தில் நிற்கிறார், கோலி (வலையைக் காப்பவர்) சரிந்துகொண்டிருக்கிறார்.

எல்லோர் கண்ணும் பரில்கோ மேல்தான் போகும். அதே ஆண்டு ஆகஸ்டில் மீன்பிடிக்கப் போனவர் விமான விபத்தில் இறந்துபோனார், சிதைந்த விமானம் 1962இல்தான் கிடைத்தது என்பதால் அந்தப் படத்துக்கு ஒரு துயரமும் ஒட்டிக்கொண்டது. ஆனால் படத்தில் கோல்வலைக்குப் பின்னால் பாருங்கள். அங்கே மாண்ட்ரியலின் டாம் ஜான்சனோடு ஒருவர் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். அவர் ஹாவி மீக்கர். வலைக்குப் பின்னால் அவர் பக்குக்காக முட்டிமோதியதால்தான் அது முன்பக்கம் வந்து, கடைசியில் பரில்கோவின் மட்டைக்கு எட்டியது. ஸ்கோர் தாளில் கோல் பரில்கோவுக்கு, அசிஸ்ட், அதாவது கோலுக்கு வழிசெய்து கொடுத்த கணக்கு, ஹாரி வாட்சனுக்கும் மீக்கருக்கும்.

பிற்காலத்தில் தொலைக்காட்சியில் மீக்கர் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் செய்த வேலை இந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது. கோல் அடித்தவரை விட்டுவிட்டு, வலைக்குப் பின்னால் என்ன நடந்தது என்று பார்க்க வைப்பதுதான் அந்த வேலை.

ஹாக்கி என்றால் நமக்குப் புல்தரையும் வெள்ளைப் பந்தும் நினைவுக்கு வரும். கனடாவில் அந்தச் சொல் பனித்தரை ஆட்டத்தையே குறிக்கும். 200 அடி நீளம், 85 அடி அகலம் உள்ள ரிங்க். சுற்றிலும் பலகைத் தடுப்பு. அணிக்கு கோலி ஒருவர், தடுப்பாட்டக்காரர் இருவர், முன்னணி ஆட்டக்காரர் மூவர். பந்துக்குப் பதில் பக்: 3 அங்குல விட்டம், 1 அங்குல தடிமன், 156 முதல் 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர் வட்டு. ஆட்டத்துக்கு முன் அதைக் குளிரூட்டி வைப்பார்கள், இல்லாவிட்டால் பனியில் துள்ளும். ஆளுக்கு முக்கால் நிமிடம் போலத்தான் ஒரு மூச்சில் ஆட முடியும். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியே போய் அடுத்தவர் உள்ளே வருவார். இத்தனை வேகத்தில், இத்தனை சின்ன வட்டைத் தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு கோல் மட்டும்தான் மனதில் நிற்கும். அது ஏன் விழுந்தது என்பது நழுவிப்போகும். மீக்கர் பிடித்துக்கொண்டது அந்த நழுவிய பகுதியை.

அவர் 1923 நவம்பர் 4 அன்று ஒன்டாரியோ மாகாணத்தின் கிச்னரில் பிறந்து, பக்கத்து ஊரான நியூ ஹாம்பர்க்கில் வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் கனடிய ராணுவத்தில் சேர்ந்தார். பயிற்சியின்போது ஒரு கையெறிகுண்டு அவர் காலடியில் வெடித்தது. மறுபடி ஆடுவதே சந்தேகம் என்ற நிலையிலிருந்து மீண்டு, 1946இல் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்குள் வந்தார். முதல் பருவத்திலேயே 55 ஆட்டங்களில் 27 கோல். 1947 ஜனவரி 8 அன்று சிகாகோவை 10-4 என்று வென்ற ஆட்டத்தில் அவர் ஒருவர் மட்டும் ஐந்து கோல் அடித்தார். புதுமுகம் ஒருவர் ஒரே ஆட்டத்தில் ஐந்து அடித்தது நவீன காலத்தில் அதன்பின் ஒரே ஒரு முறை, 1976இல் நியூயார்க் ரேஞ்சர்ஸின் டான் மர்டாக் கையால் நடந்திருக்கிறது. அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது மீக்கருக்குத்தான் போனது. அதே பருவத்தில் அறிமுகமாகி ஏழே கோல் அடித்திருந்த ஒரு பையன் டெட்ராய்ட் அணியில் இருந்தார். பெயர் கோர்டி ஹோ. பின்னாளில் ஹாக்கியின் மாபெரும் ஆட்டக்காரர்களுள் ஒருவராக எண்ணப்பட்டவர்.

இந்த ஒப்பீட்டை ஒரு காரணத்துக்காகவே சொல்கிறேன். மீக்கர் அந்த முதல் பருவத்தின் உச்சத்தைத் திரும்பத் தொடவே இல்லை. காரைஎலும்பு முறிந்தது, முதுகு படுத்தியது. எட்டுப் பருவங்களில் 346 ஆட்டம், 83 கோல், 102 அசிஸ்ட். 1947, 48, 49, 51 என நான்கு ஸ்டான்லி கோப்பைகள் அவர் பங்கில் உண்டு. ஆனாலும் அணியின் நட்சத்திரம் டெட் கென்னடிதான். மீக்கர் அவர் பக்கத்தில் வலப்புறம் ஓடி, மூலையில் புகுந்து, பக்கைத் தோண்டி எடுத்துக் கொடுத்தவர். பிறவித் திறமைக்காரருக்குத் தான் செய்வதை விளக்கத் தெரியாமல் போவது எல்லா விளையாட்டிலும் உண்டு. அவருக்கு அது தானாக வந்திருக்கும். அடிபட்ட உடம்போடு, எங்கே போய் நின்றால் ஒரு நொடி மிச்சமாகும் என்று ஒவ்வொரு முறையும் யோசித்து ஆடியவருக்கோ அந்த யோசனையே பின்னாளில் மூலதனம். மீக்கரை நல்ல வாத்தியார் ஆக்கியது அந்த ஐந்து கோல் இரவைவிட அதற்குப் பிந்தைய ஏழு ஆண்டுகள்தான் என்பது என் எண்ணம்.

ஆடிக்கொண்டிருக்கும்போதே 1951 ஜூனில் வாட்டர்லூ சவுத் தொகுதி இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து, 1953 வரை கன்சர்வேட்டிவ் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1954இல் என்.எச்.எல். ஆட்டத்தை விட்டார். லீஃப்ஸின் துணை அணியான பிட்ஸ்பர்க் ஹார்னெட்ஸைப் பயிற்றுவித்து 1955இல் துணை அணிகளின் லீகில் தரும் கால்டர் கோப்பையை வென்று கொடுத்தார். அந்தப் பேரில் 1956-57 பருவத்துக்கு லீஃப்ஸின் பயிற்சியாளர் பொறுப்பே வந்தது. 21 வெற்றி, 34 தோல்வி, 15 டிரா. அணி கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்குள் நுழையவில்லை, வேலையும் நிலைக்கவில்லை.

டொராண்டோவில் பயிற்சியாளர் வேலை போனவர் அடுத்துப் போன இடம் கனடாவின் கிழக்குக் கோடி: நியூஃபவுண்ட்லாந்து தீவின் செயின்ட் ஜான்ஸ். நான்கு கோப்பை வென்றவர் அங்கே சிறுவர்களுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தார், உள்ளூர் ஹாக்கியை ஒழுங்குபடுத்தினார். பத்து ஆண்டுகளுக்கு மேல் இந்த வேலை. தொலைக்காட்சிப் பேச்சு அவருக்கு இங்கேதான் தயாரானது என்று தோன்றுகிறது. எட்டு வயதுப் பையனிடம் “நன்றாக ஆடு” என்று சொல்லிப் பயனில்லை. எந்த முழங்கால், எந்த விளிம்பு, எந்தக் கை என்று சொல்லியாக வேண்டும்.

1960களின் கடைசியில் கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசியின் ‘ஹாக்கி நைட் இன் கனடா’ ஒளிபரப்பில் மீக்கர் பேச ஆரம்பித்தார். கீச்சுக்குரல், மூச்சுவிடாத வேகம், ஒளிபரப்புக் குழுவின் வெளிர்நீலக் கோட்டு. ஆட்டத்தைப் புகழ்ந்தே பேசுவது வழக்கமாக இருந்த காலத்தில், சனிக்கிழமை இரவு நாடே பார்க்கும் நிகழ்ச்சியில் ஒரு நட்சத்திரத்தின் பெயரைச் சொல்லி, ‘இங்கே இவர் சோம்பேறித்தனம் செய்தார், கோல் அதனால்தான்’ என்று காட்டுவார். அவருடைய அடையாளமாகிப்போன இரண்டு ஆணைகள், “அங்கேயே நிறுத்து! பின்னால் ஓட்டு!”

பலரும் இதை வெறும் பேச்சு முத்திரையாக நினைக்கிறார்கள். அது நிஜமான வேலை உத்தரவு. மறுஒளிபரப்புப் படத்தை ஓட்டும் பொத்தான் பேசுபவர் கையில் இருக்காது. அரங்கத்துக்கு வெளியே நிற்கும் ஒளிபரப்பு வண்டிக்குள் ஒரு ஆபரேட்டர் கையில் இருக்கும். 1967இல் வந்த ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் ஸ்லோமோஷன் வட்டு இயந்திரத்தில் மொத்தமே 30 நொடிப் படம்தான் அடங்கியது. கோல் விழுந்ததும் ஆபரேட்டர் வழக்கமாக எடுத்து ஓட்டுவது கடைசி மூன்று நான்கு நொடியை. மீக்கருக்குத் தேவைப்பட்டதோ அதற்கும் முந்தியது. இன்னும் பின்னால், இன்னும் பின்னால் என்று நேரலையிலேயே கத்தித்தான் அதை வாங்க முடியும். சரியான இடத்தில் படம் உறையாவிட்டால் அடுத்த நொடியே தவறு செய்தவர் சட்டகத்தை விட்டு வெளியே போய்விடுவார்.

உறைந்த படத்தின் மேல் கோடு கிழிக்க அவர் கையாண்டது டெலிஸ்ட்ரேட்டர். லியோனார்ட் ரீஃபல் என்ற அமெரிக்க இயற்பியலாளர் உருவாக்கிய கருவி. திரையில் வரையும் கோடு ஒளிபரப்பாகும் படத்தின்மேல் அப்படியே ஏறிவிடும். அமெரிக்கக் கால்பந்து விளக்கவுரையாளர் ஜான் மேடன் 1982 சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில் இதைக் கையாண்டு அமெரிக்காவில் பிரபலமாக்கினார். ஹாக்கி ரசிகர்கள் மீக்கரின் வட்டங்களையும் அம்புக்குறிகளையும் அதற்கு முன்பே பார்த்துவிட்டார்கள்.

அவர் வழியில் ஒரு கோலைப் பிரித்துப் பார்ப்போம். ஐஸ் ஹாக்கியில் அடிக்கடி வரும் நிலைமை: இருவர் பக்கோடு பாய்ந்து வருகிறார்கள், தடுக்க ஒரே ஒருவர். தடுப்பவரின் கடமை தெளிவானது. இருவருக்கும் நடுவே பின்னோக்கிச் சறுக்கியபடி, மட்டையைப் பனியோடு பனியாகப் படுக்கவைத்துப் பாஸ் போகும் பாதையை மறிக்க வேண்டும். அடிப்பவர் கோலியின் பொறுப்பு. தடுப்பவர் பதறிப்போய் பக்கை வைத்திருப்பவர் மேல் பாய்ந்தால் பக் மறுபக்கம் போய்விடும். கோல்வலையின் அகலம் 6 அடி. கோலி ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்குத் தள்ளிப் போவதற்குள் பக் உள்ளே இருக்கும். சாதாரண மறுஒளிபரப்பு இந்தத் தடுப்பாட்டக்காரரைக் காட்டி, ‘பாஸை விட்டுவிட்டார்’ என்று முடித்துக்கொள்ளும்.

இப்போது படத்தை ஏழெட்டு நொடி பின்னால் ஓட்டுங்கள். ஆட்டம் ரிங்கின் மறுகோடியில் இருக்கிறது. இதே அணியின் முன்னணியினர் மூவருமே பக்கைத் துரத்தி எதிரணியின் கோல்கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். ஒருவராவது மேலே நின்றிருக்க வேண்டும். இவர்களுடைய தடுப்பாட்டக்காரர்களில் ஒருவரும் பலகையோரமாக முன்னேறி பக்கை மடக்கப் பார்க்கிறார். முன்னே யாராவது பின்னுக்கு வந்து தன் இடத்தைக் காப்பார்கள் என்ற நம்பிக்கையில் எடுக்கும் துணிச்சல் அது. யாரும் வரவில்லை. பக் அவரைத் தாண்டிவிட்டது. அந்த நிமிடமே மூன்றாவது முன்னணிக்காரர் சட்டென்று பிரேக் போட்டு நின்று, திரும்பி நேர்க்கோட்டில் ஓடியிருந்தால் பிடித்திருப்பார். அவரோ நிற்காமல், வேகம் குறையாமல், அகலமாக ஒரு வளைவு போட்டுத் திரும்புகிறார். பார்க்க அழகாகவும் இருக்கும், காலுக்கும் வலிக்காது. ஆனால் அதில் ஒரு நொடி போகும். நல்ல ஆட்டக்காரர் நொடிக்கு 8, 9 மீட்டர் போகிறவர். இருவருக்கு ஒருவர் என்ற நிலைமை உண்டானது அந்த 8 மீட்டரில். கடைசியில் பாஸை விட்டவர் தண்டனையை வாங்கிக்கொண்டவர் மட்டுமே.

நின்று திரும்புவது கடினம். முழங்காலை மடக்கி, இரண்டு பிளேடையும் பக்கவாட்டில் திருப்பிப் பனியைச் சீவி நிறுத்த வேண்டும். பிறகு பூச்சியத்திலிருந்து மூன்று நான்கு எட்டு வெட்டி ஓட வேண்டும். ஆட்டத்தின் மிகக் களைப்பான வேலை அதுதான், யாரும் கைதட்டாததும் அதுதான். மீக்கர் வட்டம் போட்டுக் காட்டியது பெரும்பாலும் இந்த மாதிரி ஆட்களையே.

இன்னொரு எரிச்சல் அவருக்கு உண்டு: நடுச்சிவப்புக் கோட்டைத் தாண்டியதும் பக்கை மூலையில் எறிந்துவிட்டுத் துரத்துவது. சொந்தக் கையில் இருக்கும் பொருளை எதிரியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பப் பிடுங்கப் போவது போன்ற ஆட்டம். 1972 செப்டம்பர் 2 அன்று மாண்ட்ரியலில் கனடாவின் தொழில்முறை நட்சத்திரங்களை சோவியத் அணி 7-3 என்று அடித்தபோது நாடே உறைந்துபோனது. சோவியத்காரர்கள் வழி அடைபட்டால் பக்கை எறிவதில்லை. பின்னால் திருப்பி, மறுபடி ஐந்து பேரும் அடுக்கிக்கொண்டு, பாஸ் போட்டே வந்தார்கள். எட்டு ஆட்டத் தொடரை நான்கு வெற்றி, மூன்று தோல்வி, ஒரு டிரா என்று கனடா பிடித்ததென்னவோ உண்மை. அதுவும் கடைசி ஆட்டத்தில் 34 நொடி மிச்சமிருக்கையில் பால் ஹென்டர்சன் அடித்த கோலால்தான். மீக்கரின் நச்சரிப்பை அதுவரை கிழவரின் புலம்பல் என்று ஒதுக்கியவர்களும் காதுகொடுக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகு.

1973 முதல் 1977 வரை சிபிசியில் அவர் நடத்திய ஹாக்கிப் பள்ளி நிகழ்ச்சி வந்தது. ஒவ்வொன்றும் கால்மணி நேரம். சறுக்குதல், பக்கைக் கையாளுதல், பாஸ் என்ற மூன்றைத் தவிர வேறெதற்கும் அங்கே அவசரமில்லை. ஆட்டத் திட்டமெல்லாம் பிறகு. இந்த வரிசை ஏன் சரி என்று கணக்குப் போட்டால் புரியும். ஒரு மணி நேரத்துக்கு ரிங்கை வாடகைக்கு எடுத்து, பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து ஆட்டம் வைத்தால், உள்ளே சறுக்கும் பத்துப் பேருக்கும் ஒரே பக். பாதிப் பிள்ளைகள் வெளியே பெஞ்சில். பக் தன் மட்டையில் படுகிற நேரத்தை ஒரு பிள்ளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதே ஒரு மணி நேரத்தில் ரிங்கைக் குறுக்கே மூன்றாகத் தடுத்து, ஆளுக்கொரு பக் கொடுத்தால் எல்லாருக்கும் வேலை இருக்கும்.

டொராண்டோ, ஸ்கார்பரோ பக்கம் பிள்ளையை முதல்முதலாக ரிங்குக்குக் கூட்டிப்போகும் தமிழ்ப் பெற்றோர் நிறையப் பேர் இருப்பதால், அடிப்படைச் சாமான்களில் வரும் பிழைகளை இங்கேயே சொல்லிவிடலாம். ஸ்கேட்டை ‘வளருகிற பிள்ளை’ என்று ஒரு அளவு பெரிதாக வாங்குவதுதான் முதல் தவறு. ஸ்கேட் அளவு சாதாரண ஷூ அளவைவிட ஒன்று, ஒன்றரை குறைவாகவே வரும். பெரிதாக இருந்தால் குதிகால் உள்ளே ஆடும், கணுக்கால் உள்பக்கம் சாயும், பிள்ளைக்குக் கால் பலமில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம். மட்டை, ஸ்கேட் போட்டு நிற்கையில் தாடை உயரம் இருக்க வேண்டும். நீளமாக இருந்தால் பக் உடம்பைவிட்டுத் தள்ளிப்போகும், மட்டையின் முனை தூக்கிக்கொள்ளும், வருகிற பாஸ் அடியில் நழுவும். சின்னப் பிள்ளைகளுக்கு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம் எடையுள்ள நீல பக் கிடைக்கும். பெரியவர்களின் கறுப்பு பக்கைக் கொடுத்தால் மணிக்கட்டால் தூக்க முடியாமல் முழு உடம்பாலும் தள்ளப் பழகிவிடும்.

பிளேடு பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அதன் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம், இரண்டு ஓரமும் இரண்டு விளிம்பு. சாணை பிடிப்பவர் கேட்பது அந்தப் பள்ளத்தின் ஆரத்தை. அரை அங்குலம் பரவலாக எடுப்பது. எண் சிறிதாகச் சிறிதாகப் பள்ளம் ஆழமாகும், விளிம்பு பனியைக் கடிக்கும். திரும்பும்போது பிடிமானம் நன்றாக இருக்கும், ஆனால் நிற்பது சிரமம், தொடையும் சீக்கிரம் களைக்கும். ஆழம் குறைந்தால் வழுக்கிக்கொண்டு போகும். இதைவிட மோசமானது, இரண்டு விளிம்பும் ஒரே உயரத்தில் இல்லாமல் போவது. பிள்ளை ஒரு பக்கம் தள்ளும்போதெல்லாம் கால் சறுக்கி விழும். பயிற்சியாளர் ‘முழங்காலை மடக்கு’ என்று திட்டிக்கொண்டே இருப்பார், பிழையோ சாணையில். கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்து, பிளேடின் குறுக்கே ஒரு நாணயத்தைப் படுக்கவைத்து முனைப்பக்கமிருந்து பாருங்கள். நாணயமும் பிளேடும் சரியாகச் செங்குத்தாகச் சேர வேண்டும். சாய்ந்திருந்தால் திரும்பக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

1987இல் மீக்கர் ‘ஹாக்கி நைட்’டிலிருந்து டிஎஸ்என் விளையாட்டுச் சேனலுக்கு மாறி, 1998 வரை பேசினார். அந்த ஆண்டே ஒளிபரப்பாளர்களுக்கான ஃபாஸ்டர் ஹியூவிட் விருது, 2010இல் ஆர்டர் ஆஃப் கனடா. கடைசிக் காலம் மேற்குக் கரையில் வான்கூவர் தீவில். 2020 நவம்பர் 8 அன்று நனைமோவில் 97 வயதில் இறந்தார்.

ஆட்டத்திலிருந்து மைக்குக்கு வந்தவர்கள் அதன்பின் எத்தனையோ பேர். என்.எச்.எல். அணிகள் புதியவர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் 1982இல் 88ஆவது ஆளாகத் தேர்வாகி 1,258 ஆட்டம் ஆடிய ரே ஃபெராரோ, பேச்சாளர் கூண்டைவிட்டு இறங்கி இரண்டு அணிகளின் பெஞ்சுகளுக்கும் நடுவே நின்று பேசுகிறார். யார் மூச்சு வாங்குகிறார், யார் ஷிஃப்டை (ஒரு மூச்சில் ஆடும் முறையை) நீட்டுகிறார் என்பது அங்கிருந்து பார்த்தால் கேமராவுக்கு முன்பே தெரியும். கனடிய மகளிர் அணியின் முன்னாள் கேப்டன் கேசி கேம்பல், 2006 அக்டோபர் 14 அன்று, பனிப்புயலில் பஃபலோவில் மாட்டிக்கொண்ட விளக்கவுரையாளர் ஹாரி நீலுக்குப் பதிலாக உட்கார்ந்து, ‘ஹாக்கி நைட்’டில் ஆட்டம் முழுக்க விளக்கவுரை சொன்ன முதல் பெண்ணானார். இன்றைய விளக்கவுரையாளர் முன்னால் தொடுதிரை இருக்கிறது. விரலால் இழுத்தால் படம் பின்னால் போகும், நிற்கும், வட்டமும் அம்பும் தானாக ஆட்டக்காரரோடு நகரும். வண்டிக்குள் இருப்பவரிடம் யாரும் கத்த வேண்டியதில்லை. ஆனாலும் பல ஒளிபரப்புகளில் அந்த விரல் கோலுக்கு மூன்று நொடி முன்னாலேயே நின்றுவிடுகிறது. பிரேக் போடாமல் வளைந்து திரும்பியவர் அதற்கும் ஐந்து நொடி பின்னால், சட்டகத்தின் ஓரத்தில் இருக்கிறார்.